அலகுக் காணொளி போனது, பொய்க் கணக்கு அப்படியே இருந்தது

வணக்கம் உறவுகளே. இன்றைக்குச் சமையலும் இல்லை, ஊர் சுற்றலும் இல்லை. பினாங்கு தண்ணீர்மலை அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து பேசுகிறேன். வெளியே நல்ல மழை, சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்தன்று இதே இடத்தில் எடுத்த காணொளி ஒன்றைப் போட்டிருந்தேன். சித்தப்பா மகன் மூன்றாவது வருடமாக நாக்கில் அலகு குத்திக் காவடி எடுத்தான், சித்தி பக்கத்திலேயே நடந்து வந்து ‘வேல் வேல்’ என்று சொல்லிக்கொண்டே அழுதார். போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, வன்முறைக் காட்சி என்று சமூக ஊடகத் தளத்துக்காரர்கள் நீக்கிவிட்டார்கள். மறுபடியும் பாருங்கள் என்று கேட்டேன், ஆறு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் பூசம் முடிந்து எல்லாரும் வேலைக்குத் திரும்பியாயிற்று. சரி, அதை விட்டுவிடுகிறேன்.

இதைத்தான் விட முடியவில்லை. அதே வாரம், அதே தளத்தில், என் அக்கா மகளின் படத்தை எடுத்து எவனோ ஒரு பொய்க் கணக்குத் திறந்துவிட்டான். அவளுக்கு 16 வயது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அதில் எழுதியிருந்ததை நான் வாயால் சொல்ல மாட்டேன். எழுதியது தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில், நடுநடுவே மலாய் வார்த்தை. அவள் புகார் கொடுத்தாள், அக்கா கொடுத்தார், நானும் கொடுத்தேன். மூன்று பேருக்கும் ஒரே பதில்: விதிமீறல் எதுவும் இல்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்று பாருங்கள். இவ்வளவு பெரிய தளங்களில் நாம் போடுவதை முதலில் சலிப்பது இயந்திரம். கன்னத்திலும் நாக்கிலும் கம்பி இருப்பது அதற்குத் தெரியும், அது நேர்த்திக்கடன் என்று தெரியாது. கெட்ட வார்த்தையை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதினால் அது தடுமாறிப்போகிறது. நம் பக்கத்துத் தமிழோ மலாயும் ஆங்கிலமும் கலந்தது, வெறும் அகராதித் தமிழைக் கற்றுக்கொடுத்தால் போதாது.

என் காணொளிகளுக்குக் கீழே வருகிற பின்னூட்டங்களைத் தினமும் காலையில் நானே படிக்கிறேன், அசிங்கமானதை நானே நீக்குகிறேன். மலேசியாவின் சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 114ஏ பிரிவின்படி, என் பக்கத்தில் யார் எழுதினாலும், இல்லை என்று நான் நிரூபிக்கிற வரை வெளியிட்டது நான்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். 2021இல் வாசகர்கள் எழுதிய ஐந்து பின்னூட்டங்களுக்காக மலேசியாகினி செய்தித் தளத்துக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் போட்டதே, அந்த வழக்கிலும் இந்தப் பிரிவுதான் பேசப்பட்டது. ஏழு நீதிபதிகளில் நளினி பத்மநாதன் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். நான் சொல்ல வந்தது என்னவென்றால், ஒரு வரி அசிங்கமா இல்லையா என்று எனக்கு மூன்று விநாடியில் தெரிந்துவிடுகிறது, ஏனென்றால் எனக்குத் தமிழ் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

இப்போது சட்டம் இருக்கிறது. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2025, அது 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. மலேசியாவில் 80 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்துகிற தளம் என்றால் உரிமம் வேண்டும், புகார் கொடுக்க வழி வைக்க வேண்டும், பிள்ளைகளைப் பாதுகாக்க வேண்டும். சிறார் பாலியல் படங்கள், பண மோசடி இரண்டையும் முதலில் முடக்க வேண்டும். துன்புறுத்தலும் தீங்கான உள்ளடக்கப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் தனிப்பட்ட செய்தி அனுப்புகிற வசதி இந்தச் சட்டத்துக்குள் வராது, அதனால் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒருவர் உங்களுக்கு அனுப்புகிற அசிங்கத்துக்கு இதை நம்பி இருக்காதீர்கள்.

2024 ஜூலையில் நம் சமூகத்துப் பெண் ஒருவர், டிக்டாக்கில் எல்லாருக்கும் தெரிந்தவர், இணைய வசை தாங்காமல் உயிரை விட்டார். அதில் ஒருவருக்குக் கிடைத்த தண்டனை 100 ரிங்கிட் அபராதம். நூறு ரிங்கிட்! அன்றைக்கு எத்தனை வீட்டில் அழுகை. அதன் பிறகுதான் தண்டனைச் சட்டத்தையே திருத்தினார்கள், 2025 ஜூலை 11 முதல் பகடிவதைக்கென்று தனிப் பிரிவுகள் வந்தன.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், கோபத்தில் முதலில் பதில் எழுதிவிடாதீர்கள். முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கணக்கின் இணைப்பு, தேதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். பதிவு காணாமல் போனால் கையில் ஆதாரம் அது ஒன்றுதான். அப்புறம் தளத்தில் புகார், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியிடம் புகார், போலீஸில் ரிப்போர்ட், மூன்றையும் செய்யுங்கள். பண மோசடி என்றால் உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பிள்ளையைத் திட்டாதீர்கள், ஏன் படம் போட்டாய் என்று கேட்காதீர்கள். அக்கா முதல் நாள் அப்படித்தான் கேட்டுவிட்டார், அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பதினோராம் நாள் அந்தக் கணக்கு காணாமல் போனது. யார் நீக்கினார்கள், எதற்காக நீக்கினார்கள் என்று ஒரு வரிகூட வரவில்லை. என் அலகுக் காணொளியைத் திருப்பிக் கொடுத்தபோதும் காரணம் சொல்லவில்லை, இதற்கும் சொல்லவில்லை. எடுத்தாலும் விட்டாலும் காரணத்தை எழுதித் தர வேண்டும், தமிழ் தெரிந்த மனிதர் ஒருவர் பார்த்திருக்க வேண்டும், நான் கேட்பது இது இரண்டும்தான். உரிமம் கொடுக்கிறவர்கள் தளங்களிடம் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கட்டும்.

அந்தத் தளத்துக்கு நேற்று ஒரு மின்னஞ்சல் போட்டேன். எங்கள் மூன்று பேர் புகாரையும் படித்தவருக்குத் தமிழ் தெரியுமா என்று ஒரே ஒரு கேள்வி. பதில் வந்தால் அடுத்த காணொளியில் அப்படியே படித்துக் காட்டுகிறேன்.