பூப்போட்ட துணிக்குள்ள கைத்தையல்: எம்பிராய்டரிக்கு ஃப்ரேம் போடுறது எப்படி

[திரையில்: ஒரே எம்பிராய்டரியோட ரெண்டு படம். இடது பக்கம் வெள்ளை அட்டை ஓரம். வலது பக்கம் சின்னப் பூப்போட்ட துணி ஓரம்.]

இந்த ரெண்டும் ஒரே எம்பிராய்டரிதான். தையல்ல ஒரு இழைகூட மாறலை. இடது பக்கம் ஃப்ரேமோட சேர்ந்து வர்ற வெள்ளை அட்டை. வலது பக்கம் அதே மாதிரி அட்டைமேல பழைய பாணிப் பூப்போட்ட பருத்தித் துணி. வலது பக்கத்துல பச்சை நூல் இன்னும் அழுத்தமாத் தெரியுது பாருங்க. பக்கத்துல வெளிறின பச்சை இலைகள் இருக்கிறதாலதான் அப்படி.

வலது பக்க ஃப்ரேமை எப்படிச் செய்யறதுன்னு இப்போ பார்க்கலாம். வெட்டறது, ஒட்டறது எல்லாம் ஒரு மதிய வேலைதான். துணியைத் தேர்ந்தெடுக்கறதுலதான் நேரம் போகும், போகட்டும். பூத்துணி சும்மா இருக்காது. நடுவுல தைச்சதும் பூ, சுத்தி இருக்கிறதும் பூ. ரெண்டுக்கும் போட்டி வந்தா அச்சுப் பூதான் ஜெயிக்கும், ஏன்னா இடம் அதுகிட்டதான் அதிகமா இருக்கு.

[திரையில்: அளவு போட்ட வரைபடம்.]

கணக்கு போட்டே பார்த்துடலாம். நம்ம தையல் 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம். சுத்தி 1 செ.மீ. வெறும் துணி தெரியணும்னா நடுவுல வெட்டுற ஜன்னல் 17-க்கு 22. ஓரம் மூணு பக்கமும் 5 செ.மீ., கீழே மட்டும் 6. கீழே கொஞ்சம் கூட விட்டாத்தான் படம் கீழே சரிஞ்ச மாதிரி தெரியாது. ஆக மொத்த அட்டை 27-க்கு 33. ஜன்னலோட பரப்பு 374 சதுர செ.மீ., பூத்துணி ஓரம் 517. கண்ணுக்குத் தெரியறதுல பாதிக்கு மேல துணிதான். அதனால துணி அடங்கிப் பேசணும். மத்த எல்லா முடிவும் இதுலேர்ந்துதான் வருது.

பழைய பாணின்னு சொல்றோமே, எந்தக் காலத்துப் பழசு? கடையில எல்லாத்தையும் ஒரே அடுக்குல கலந்து வெச்சிருப்பாங்க. ரொம்பப் பழைய வகைன்னா, 17, 18-ஆம் நூற்றாண்டுல சோழமண்டலக் கரையிலேர்ந்து ஐரோப்பாவுக்குப் போன பூத்துணிகள். வெள்ளைத் தரைமேல வளைஞ்சு போற கொடி, சாயவேர்ச் சிவப்பு, அவுரி நீலம். அங்கே உள்ளூர் நெசவாளர்கள் பொழைப்புக்கே ஆபத்துன்னு பிரான்ஸ் 1686-ல அதைத் தடை செஞ்சது. தடை நீங்கினது 1759-ல. அடுத்த வருஷமே ஓபர்காம்ப்ங்கிற தொழிலதிபர் பிரான்ஸ்ல ஜூயிங்கிற ஊர்ல துணி அச்சடிக்கிற பட்டறையைத் தொடங்கிட்டார். இங்கிலாந்துலயும் இதே மாதிரி தடை இருந்தது, 1774 வரைக்கும். இன்னைக்கு ‘சின்ட்ஸ்’னு சொல்லி விக்கிற பூக்கொடித் துணிக்கெல்லாம் அந்தக் கொடிதான் மூலம். பார்க்க அழகு. ஆனா அந்தக் கொடி ஒரு சுத்து வர்றதுக்கே பெரிய இடம் வேணும். 5 செ.மீ. ஓரத்துல ஒரு தண்டும் அரை இலையும்தான் மாட்டும்.

[திரையில்: அடர்ந்த இலைக்கொடித் துணி, அடுத்து சின்னப் பூ சிதறின துணி, அடுத்து எழுபதுகளின் ஆரஞ்சு, பழுப்புப் பூத்துணி.]

அடுத்தது வில்லியம் மோரிஸ் வகை. அவர் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து வடிவமைப்பாளர். அவரோட புகழ்பெற்ற ‘ஸ்ட்ராபெர்ரி தீஃப்’ துணி டிசைன் 1883-ல வந்தது. இலை, பூ, பறவைன்னு தரையே தெரியாம நிறைஞ்சு கிடக்கும். ஒரே நிற நூல்ல கோடு கோடாத் தைச்ச படம்னா இதோட ஒத்துப்போகும். நிறைய நிறம் போட்டுத் தைச்சிருந்தா இது வேண்டாம்.

மூணாவது வகைக்குத்தான் என் ஓட்டு. 1930-களில் அமெரிக்காவுல மாவும் கால்நடைத் தீவனமும் வந்த பருத்திச் சாக்குகளில் பூ அச்சடிச்சு வித்தாங்க. சாக்கு காலியானதும் அதுலேர்ந்து கவுனோ போர்வையோ தைச்சுக்கலாமே! அந்தக் காலத்துப் பூ சின்னது, சிதறி இருக்கும், நிறமும் வெளிர். ஓரமா இருக்கிறதுக்குன்னே பிறந்த மாதிரி இருக்கும். எழுபதுகளின் ஆரஞ்சு, கடுகு மஞ்சள் பெரிய பூக்களை உங்க தைரியத்துக்கு விட்டுடறேன்.

நிஜமாவே பழைய துணி ஒண்ணு பெட்டியில இருக்கு, அதையே போடலாமான்னு சிலர் யோசிப்பீங்க. கொஞ்சம் பொறுங்க. பழைய அச்சுத் துணிகளில் கறுப்புக்கும் அடர் பழுப்புக்கும் பல சமயம் இரும்புக் கரைசல்தான் சாயத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும். அந்த இரும்பே காலப்போக்குல இழையை அரிச்சிடும். அதான் ரொம்பப் பழைய துணிகளில் பூவோட கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் பொடிஞ்சு ஓட்டை விழுந்திருக்கும். அப்படிப்பட்ட துணியை இழுத்து மடிச்சா கோட்டோட கோடாக் கிழியும். அதனால ஃப்ரேமுக்குப் பழைய பாணியில வந்த புதுத் துணியே போதும்.

[திரையில்: எம்பிராய்டரியைச் சுத்தி நாலு துணித் துண்டுகள்.]

துணியைத் தையலுக்குப் பக்கத்துல வெச்சு மூணு விஷயம் பாருங்க. முதல்ல அளவு. அச்சுப் பூ, நீங்க தைச்ச பெரிய பூவோட பாதியைத் தாண்டக் கூடாது. 5 செ.மீ. ஓரத்துக்கு ஒன்றரை செ.மீ. பூ சரியா இருக்கும், முழுசா மூணு பூ அடங்கும். ரெண்டாவது, வெளுப்பும் கறுப்பும். போன்ல ஒரு படம் எடுத்து கறுப்பு வெள்ளையா மாத்துங்க. தையலும் துணியும் ஒரே சாம்பலாக் கலந்துபோச்சுன்னா, நிறம் எவ்வளவு அழகா இருந்தாலும் அந்தத் துணி வேண்டாம். மூணாவது நிறம். தையல்ல இருக்கிற நிறத்துல ஏதாவது ஒண்ணு துணியில இருந்தா போதும். முக்கியமான நிறமா இருக்கணும்னு இல்லை. சொல்லப்போனா, ரொம்பக் கொஞ்சமா தைச்ச நிறத்தைத் துணி எடுத்துக்கிட்டாதான் கூடுதல் அழகு. ஒரே ஒரு மஞ்சள் மொட்டு தைச்சிருக்கீங்க, துணியில மெல்லிசா மஞ்சள் ஓடுதுன்னா, அந்த மொட்டு உடனே கண்ணுல படும்.

துணி பிடிச்சிருக்கு, ஆனா பளிச்சுன்னு இருக்குதா? திருப்பிப் போடுங்க.

[திரையில்: துணியின் மேற்புறம், பிறகு உட்புறம்.]

உட்புறத்துல அதே பூதான், ஆனா பல வருஷம் துவைச்ச மாதிரி மங்கலா இருக்கும். அச்சடிச்ச துணியில சாயம் மேற்புறத்துலதான் நிறையத் தங்கும், அடிப்பக்கம் இறங்கறது குறைவு. பழைய தோற்றத்துக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியலை. டீத்தண்ணியில முக்கி எடுக்கறதை நிறைய வீடியோவுல பார்த்திருப்பீங்க. டீயில இருக்கிற டானின் அமிலத்தன்மை உள்ளது, அது துணியிலயே தங்கிடும். பக்கத்துல மாசக்கணக்கா தைச்ச வேலையை வெக்கப்போறோம், அந்த ரிஸ்க் எதுக்கு?

தேர்ந்தெடுத்தாச்சா? முதல்ல துவைச்சு சுருங்க விடுங்க. சிவப்பும் கருநீலமும் இருந்தா ஈர வெள்ளைத் துணியால அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க, சாயம் ஒட்டினா அந்தத் துணியை ஒதுக்கிடுங்க. எம்பிராய்டரிக்கும் இதே சோதனை. நூல் சாயம் போகலைன்னு தெரிஞ்ச பிறகு குளிர்ந்த தண்ணியில அலசுங்க. தண்ணியில கரையற பேனாவுல டிசைன் வரைஞ்சிருந்தா, கோடு முழுசாப் போன பிறகுதான் இஸ்திரி, ஏன்னா சூடு பட்டா சில மை நிரந்தரமாத் தங்கிடும். தேய்க்கும்போது தடிமனான டவல்மேல தையலைக் குப்புறப் போட்டுத் தேய்ங்க. பிரெஞ்சு நாட்னு சொல்ற முடிச்சுத் தையல் எல்லாம் டவலுக்குள்ள அமுங்கும், நசுங்காது.

[திரையில்: அட்டை, துணி, ஸ்கேல், கத்தி, வெள்ளைப் பசை.]

அட்டையில கஞ்சத்தனம் வேண்டாம். சாதா அட்டைக்குள்ள இருக்கிற லிக்னின்ங்கிற மரப்பொருள் அமிலமா மாறி, அட்டையையும் பக்கத்துத் துணியையும் மஞ்சளாக்கும். அமிலம் இல்லாத மவுண்ட் போர்டுன்னு கேட்டு வாங்குங்க. பட்டு நூல் இல்லைன்னா கம்பளி நூல் போட்டிருந்தா, சுண்ணாம்புச் சத்து சேர்க்காத அட்டையா இருந்தா நல்லது.

27-க்கு 33 அட்டையில 17-க்கு 22 ஜன்னலை வெட்டிக்குங்க. துணி எல்லாப் பக்கமும் 3 செ.மீ. கூட, அதாவது 33-க்கு 39. துணி மெல்லிசா இருந்தா பின்னால, சூடு பட்டா ஒட்டற மெல்லிய கேன்வாஸ் வெச்சு இஸ்திரியால ஒட்டிடுங்க. அட்டையும் தெரியாது, பசையும் மேலே கசியாது.

பசையைத் துணிமேல தடவாதீங்க. அட்டையோட பின்பக்கம், மடிப்பு உட்காரப்போற இடத்துல மட்டும் தடவினாப் போதும், முன்பக்கம் பசையே வேண்டாம். துணியைக் குப்புற விரிச்சு, அதுமேல அட்டையைக் குப்புற வெச்சு, இழை ஓரத்துக்கு நேரா ஓடுதான்னு பாருங்க. அச்சு எப்பவும் இழையோட நேரா இருக்கும்னு சொல்ல முடியாது. ரெண்டும் முரண்பட்டா அச்சுப் பக்கம் சாயுங்க, பார்க்கிறவங்க கண்ணுக்கு இழை தெரியாது. வெளி ஓரங்களை மடிச்சு ஒட்டிட்டு, பிறகு ஜன்னலுக்கு வாங்க.

[திரையில்: ஜன்னல் மூலையின் நெருக்கக் காட்சி.]

இங்கதான் முக்கால்வாசிப் பேரோட வேலை கெட்டுப்போகுது. ஜன்னலுக்குள்ள தெரியற துணியில 3 செ.மீ. விட்டு நடுப்பகுதியை வெட்டி எடுங்க. அப்புறம் நாலு மூலைக்கும் குறுக்கா ஒரு வெட்டு, ஆனா மூலை வரைக்கும் போகாம 2 மி.மீ. முன்னாடியே நிறுத்துங்க. முழுசா வெட்டினா மடிச்சதும் மூலையில வெள்ளை அட்டை எட்டிப் பார்க்கும். புத்தகம் பைண்டிங் பண்றவங்ககிட்ட இதுக்கு ஒரு நல்ல உபாயம் இருக்கு. துணியைப் போர்த்தறதுக்கு முன்னாடியே, அதே துணியில விரல் நகம் அளவு துண்டு வெட்டி ஒவ்வொரு உள்மூலையிலும் மடிச்சு ஒட்டிடுவாங்க. அப்புறம் மேல் துணி மூலையில கொஞ்சம் விலகினாலும் கீழே அதே பூதான் தெரியும்.

பூத்துணிக்கும் தையலுக்கும் நடுவுல வெறும் நிறத்துல ஒரு மெல்லிய கோடு வேணும், அரை செ.மீ. போதும். இதைப் பலர் விட்டுடறாங்க, நான் விடவே மாட்டேன். பேச்சுக்கு நடுவுல விடற மூச்சு மாதிரி அது. இன்னொரு அட்டையில ஒவ்வொரு பக்கமும் அரை செ.மீ. சின்னதா ஜன்னல் வெட்டி, சாதாத் துணி போர்த்தி, பூத்துணி அட்டைக்கு அடியில வெச்சுடலாம். நிறம் நூலோட நிறமா இருக்கலாம், தைச்ச துணியோட நிறமாவும் இருக்கலாம்.

[திரையில்: எம்பிராய்டரியின் பின்புறம், குறுக்கும் நெடுக்குமாக நூல்.]

இப்போ எம்பிராய்டரி. இதுமேல ஒரு சொட்டுப் பசையும் படக் கூடாது, ரெண்டு பக்க டேப்பும் கூடாது. அது காய்ஞ்சு பழுத்தா எடுக்க முடியாது. தனி அட்டைமேல தையலை விரிச்சு, ஓரம் சுத்தி அட்டையோட தடிப்புல குண்டூசி குத்தி நேராக்குங்க. திருப்பிப் போட்டு, கெட்டி நூலால ஒரு பக்க மடிப்புலேர்ந்து எதிர்ப்பக்க மடிப்புக்குக் குறுக்குமறுக்கா கோர்த்துட்டு போங்க. தையலுக்குத் தையல் ஒரு செ.மீ., ஒன்றரை செ.மீ. இடைவெளி. நடுவுல தொடங்கி ஓரத்துக்குப் போனா இழுவை சமமா வரும். ஒரு திசை முடிஞ்சதும் மறு திசை. என்னைக்காவது துவைக்கணும்னா நூலை வெட்டினா போதும், துணி அப்படியே கழண்டு வந்துடும்.

கண்ணாடி தையலைத் தொடக் கூடாது. தொட்டா முடிச்சுகள் அமுங்கும், உள்ளே ஈரம் கோத்தா பூஞ்சை பிடிக்கும். தட்டையான தையலுக்கு ரெண்டு அட்டையோட தடிப்பே இடைவெளி கொடுத்துடும். பிரெஞ்சு நாட், மணி, புடைப்பு வேலை இருந்தா ஓரத்துல மறைவா அட்டைக் கீற்று ஒட்டி 5 மி.மீ.யாவது உயர்த்துங்க. ஃப்ரேம் வாங்கும்போதே உள்பள்ளம் எவ்வளவு ஆழம்னு பாருங்க. கண்ணாடி, ரெண்டு ஜன்னல் அட்டை, தையல் அட்டை, பின்பலகை எல்லாம் சேர்ந்தா 12 மி.மீ. சுலபமா வந்துடும். சாதாரண போட்டோ ஃப்ரேம் பலது இதுக்குப் பத்தாது.

தைக்கறதுக்குத் துணியை மாட்டின வட்ட வளையத்துலயே (ஹூப்) சுவர்ல மாட்டப் போறவங்களுக்கு இவ்வளவு வேலை இல்லை. பூத்துணியை இழைக்குச் சாய்வா, மூலைவாட்டுல 2 செ.மீ. பட்டையா வெட்டி வெளி வளையத்தைச் சாய்வாச் சுத்தி, நுனியை உள்பக்கம் தைச்சுடுங்க. நேரா வெட்டின பட்டை வளைவுல சுருங்கும். திருகு இருக்கிற இடம் மட்டும் சுத்தாம விடுங்க, துணி ஏறினதும் வளையம் இறுகும், அப்போ திருகைத் தளர்த்த வேண்டியிருக்கும்.

மாட்டற இடத்தைப் பத்தி ஒண்ணு. வெளிச்சத்துல போன சாயம் திரும்பாது. அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தோட அளவு) தான் விடுவாங்க, நம்ம வீட்டு ஜன்னலோரம் அதைவிடப் பல மடங்கு. புற ஊதாக் கதிரைத் தடுக்கிற கண்ணாடி உதவும், ஆனா நேர் வெயில் படற சுவர்ல அதுவும் முழுசாக் காப்பாத்தாது. பூத்துணி தையலுக்கு முன்னாடியே வெளுத்துட்டா, ஓரத்தை மட்டும் கழட்டி மாத்தலாம். அதுக்காகத்தான் ரெண்டையும் தனித்தனி அட்டையில வெச்சோம். மிச்சத் துணியில 33-க்கு 39 அளவுல ஒரு துண்டைச் சுருட்டி எடுத்து வையுங்க. நூலோட நிற எண்களையும் ஒரு தாள்ல எழுதி, உறையில போட்டு ஃப்ரேமோட பின்னால ஒட்டிடுங்க.