சேலத்து அலமாரியில் ஜப்பானியச் சிற்றுருவங்கள்

நேயர்களுக்கு வணக்கம். அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களில் வரும் பாத்திரங்களை விரல் நீளத்திலும் சாண் உயரத்திலும் வார்த்து வண்ணமேற்றிய சிற்றுருவங்கள் இன்று சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் முதல் அம்மாப்பேட்டை வரை பல வீட்டு அலமாரிகளில் இடம் பிடித்திருக்கின்றன. சேகரிப்பவர்கள் இவற்றை ‘ஃபிகர்’ என்கிறார்கள். போக்கிமானையும் ஷின்சானையும் தமிழ்க் குரலில் பார்த்து வளர்ந்த தலைமுறை, சொந்தச் சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் தேடிய பொருள்களில் இதுவும் ஒன்று. எதை வாங்கலாம் என்று சொல்ல ஆள் நிறைய உண்டு. வாங்கியதை நம் ஊர் வெயிலிலும் ஏற்காட்டு ஈரத்திலும் கெடாமல் காப்பது எப்படி என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை; என் பேச்சின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

காசு போட்டுத் திருகினால் உருண்டைக் கூட்டுக்குள் பொம்மை விழும் எந்திரம் ஜப்பானுக்கு 1965-இல் வந்தது. 1977-இல் பண்டாய் நிறுவனம் அந்தத் தொழிலில் இறங்கிய பிறகு, தொலைக்காட்சிப் பாத்திரங்கள் அந்தக் கூடுகளுக்குள் நுழைந்தன. ஆனால் ‘சின்னது என்றால் மட்டமானது’ என்ற எண்ணத்தை உடைத்தது 1999-இல் வெளிவந்த ஒரு சாக்லேட் முட்டை. ஒசாகா வட்டாரத்தைச் சேர்ந்த கையோடோ நிறுவனம் அதற்குள் வைப்பதற்காக விலங்குருவங்களைச் செய்தது. சாக்லேட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு உருவத்தைப் பெரியவர்கள் எடுத்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவற்றில் நுணுக்கம் இருந்தது. பெரிய தலையும் குட்டி உடலுமாக ஏறத்தாழ 10 செ.மீ. உயரத்தில் நிற்கும் நென்டோராய்டு வரிசையை குட் ஸ்மைல் நிறுவனம் 2006-இல் தொடங்கியது. முகத்தைக் கழற்றி வேறு முகம் மாட்டலாம் என்பதால், சிரிக்கும் பாத்திரத்தை மாலையில் அழ வைக்கலாம். மூட்டுகள் மடங்கும் ஃபிக்மா என்ற வரிசை 2008-இல் வந்தது. அசையாமல் ஒரே நிலையில் நிற்பவை ஸ்கேல் ஃபிகர்கள்: எட்டில் ஒரு பங்கு அளவு என்றால், 160 செ.மீ. உயரமுள்ள பாத்திரம் 20 செ.மீ. உயரத்தில் நிற்கும்.

இவற்றில் பெரும்பாலானவை பி.வி.சி., ஏ.பி.எஸ். என்ற இரண்டு பிளாஸ்டிக்குகளால் ஆனவை. சிற்பி முதலில் மூல உருவத்தைச் செய்கிறார். அதற்குக் கையால் வண்ணம் தீட்டி ஒரு மாதிரி தயாராகிறது. அதன் பிறகு எஃகு அச்சு வெட்டி, உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு உள்ளே செலுத்திப் பகுதி பகுதியாக வார்க்கிறார்கள். இரண்டு பாதி அச்சுகள் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு விழும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசின் பற்றுவாயைத் திருப்பிப் பார்த்தே வேலைக்காரரின் கையைச் சொல்லிவிடுவதுபோல, அந்தக் கோட்டை எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்பதை வைத்தே ஃபிகரின் தரத்தைச் சொல்லலாம். நல்ல வேலையில் அது முடிக்கற்றைக்குள்ளோ சட்டைத் தையலிலோ மறைந்திருக்கும். மட்டமான வேலையில் கன்னத்தின் குறுக்கே ஓடும்.

கண்ணைத் தூரிகையால் எழுதுவதில்லை. மையைத் தொட்டெடுத்த மெத்தென்ற சிலிக்கோன் திண்டு முகத்தின் வளைவில் படிந்து, ஒரு நிறத்துக்கு ஒரு முறை என்று அச்சிடுகிறது: முதலில் வெள்ளை, பிறகு கருவிழி நிறங்கள், இமைக்கோடு, கடைசியில் ஒளிப்புள்ளி. இந்த அடுக்குகளில் ஒன்று அரை மில்லிமீட்டர் விலகினாலும் பாத்திரத்துக்கு மாறுகண் வந்துவிடும். கண்காட்சித் திடல்களிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கும் டூப்ளிகேட்டுகள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. தோல் எண்ணெய் பூசியதுபோல் மின்னுவதும், நிறம் எல்லை தாண்டி வழிந்திருப்பதும், பெட்டியைத் திறந்ததும் கடும் நெடி அடிப்பதும் மற்ற அடையாளங்கள். அந்தப் பிளாஸ்டிக்கில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. எதையும் வாயில் வைக்கும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அது வேண்டாம்.

இனி வெயிலுக்கு வருகிறேன். பி.வி.சி. இயல்பாகவே விறைப்பானது, அதை வளையச் செய்ய நெகிழ்வூட்டி என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். சூடு ஏற ஏற அந்தப் பொருள் மெல்ல மேற்பரப்புக்குக் கசிகிறது. பங்குனி, சித்திரையில் மேற்குச் சுவரை ஒட்டிய கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு ஃபிகரைத் தொட்டுப் பாருங்கள், விரல் ஒட்டும். அழுக்கு என்று நினைத்து நெயில் பாலிஷ் ரிமூவரையோ தின்னரையோ எடுத்துவிடாதீர்கள், வண்ணம் கையோடு வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான தூரிகையால் கழுவி நிழலில் உலர்த்தினால் பிசுபிசுப்புப் போய்விடும். காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் கசிந்தது வெளியேற வழியில்லாததால் இந்தத் தொல்லை அங்கேதான் அதிகம். அலமாரிக் கதவை வாரம் ஒரு நாள் சற்று நேரம் திறந்து வைப்பது, எந்த விலையுயர்ந்த பூச்சையும்விடப் பயன் தரும்.

வெயில் செய்யும் இன்னொரு வேலை சாய்வு. அஸ்தம்பட்டியில் ஒரு கல்லூரி மாணவர் வீட்டில், ஒற்றைக் காலில் நிற்கும் ஹட்சுனே மிக்கு என்ற கணினிப் பாடகிப் பாத்திரத்தின் ஃபிகர் ஒன்றைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே தொங்கும் இரண்டு பச்சைச் சடைகளின் பாரமும் ஒரே கணுக்காலில் இறங்கியதால், ஒரு கோடை முடிவதற்குள் உருவம் முன்னால் சரிந்து பக்கத்து உருவத்தின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. காலைச் சுடுநீரில் சற்று நேரம் பிடித்து, இளகியதும் நிமிர்த்தி, அப்படியே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் அந்த நிலையில் இறுகிவிடும். ஆனால் முட்டுக் கொடுக்காவிட்டால் அடுத்த கோடையில் மறுபடியும் சாயும். அக்ரிலிக் தண்டு ஒன்றைச் சடைக்கு அடியில் நிறுத்துவதே நிலையான வழி. நேர் வெயில் படும் இடத்தில் வெள்ளைப் பகுதிகள் மஞ்சளிக்கும். அந்த மஞ்சளை எந்தக் கழுவலும் எடுக்காது.

இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் கவலை தலைகீழாகிறது. ஏற்காட்டில் பிளாஸ்டிக்குக்குச் சுகம். அட்டைப் பெட்டிக்குத்தான் ஆபத்து. மழைமாதங்களில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும் இடங்களில் பெட்டியின் உள்மடிப்பில் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டையை மட்டும் போடாதீர்கள். நாஃப்தலின் ஆவி பல பிளாஸ்டிக்குகளை இளக்கி, வண்ணத்தையும் கெடுக்கும். பாட்டி நல்லெண்ணத்தோடு பீரோவில் வைக்கும் அந்த வெள்ளை உருண்டை, டூப்ளிகேட் வியாபாரிகள் எல்லோரையும்விடச் சேகரிப்புக்குப் பெரிய பகை.

நவராத்திரியில் கொலுவின் கீழ்ப்படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் அனிமே நாயகர்களான லூஃபியையும் நருட்டோவையும் நிறுத்தும் வீடுகள் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது. பெரியவர்கள் முகம் சுளிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. அகல் விளக்கிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள், ஊதுபத்திப் புகை நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்க விரும்புவோர் கணக்கில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரியை அரசு 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தியது. ஆர்டர் போடும் நாளில் நடப்பிலுள்ள வரியைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். விலையை மட்டும் பார்த்து முன்பதிவு செய்துவிட்டுப் பார்சல் வந்த நாளில் திகைப்பவர்கள் அதிகம்.

பெட்டியை வைத்துக்கொள்வதா எறிவதா என்பது வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்கு. பின்னால் விற்கும் எண்ணம் இருந்தால் பெட்டியும், உள்ளே உருவத்தின் வடிவத்துக்கே வார்த்த கண்ணாடி போன்ற உறையும் வேண்டும். வீடு மாறும்போது அந்த உறையைவிட நல்ல பாதுகாப்புக் கிடையாது. ஆனால் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரணில் அவற்றை ஏற்றாதீர்கள், சேலத்து வீட்டில் அதைவிடச் சூடான இடம் இல்லை. அட்டையைத் தட்டையாக மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தால் போதும். வணக்கம்.