எத்தனை பேருக்கு உலை?

(திருத்துறைப்பூண்டியில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பின்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் என் பழைய பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பூகம்பத்துக்குப் பிறகு ஓர் ஊர் எப்படிச் சாப்பிட்டது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் என் மகன் சிரித்தான். "நம்ம பக்கம் பூகம்பம் எங்கம்மா வந்துச்சு?" வந்ததடா, நமக்குத் தெரியாமல் வந்தது என்றேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி சுமாருக்குச் சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி அசைந்தது. 9.1 அளவு. அந்த நேரம் நான் வாசலில் மார்கழிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். புள்ளிகூடக் கோணவில்லை. முந்தின நாள்தான் கிறிஸ்துமஸ், வேளாங்கண்ணியில் கால் வைக்க இடமில்லை. திருவாதிரையை ஒட்டிய நாள் என்பதால் எங்கள் தெருவில் களிக்கு அரிசி வறுத்த வாசனை. அங்கே அசைந்த பூமி இங்கே சுனாமித் தண்ணீராக வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆனது. தமிழ்நாட்டில் போன உயிர் ஏறத்தாழ 8,000. அதில் 6,000-க்கு மேல் நம் நாகப்பட்டினம் மாவட்டம்.

அதைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் பேசியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது உலை வைப்பது. முப்பது வருஷம் தினமும் காலையில் வகுப்பு வகுப்பாகப் போய் "இன்னிக்கு எத்தனை பேரு?" என்று கேட்பேன். ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. தலையை எண்ணாமல் உலை வைத்தால் ஒன்று சோறு மிஞ்சும், இல்லாவிட்டால் ஒரு பிள்ளை தட்டோடு நிற்கும்.

அன்று அரையாண்டு லீவு. எங்கள் பள்ளி வேதாரண்யம் போகிற சாலையில், கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே. பத்து மணிக்கு மேல் ஈரச்சேலையோடு ஜனங்கள் ஓடி வந்தார்கள். ஸ்டோர் ரூம் சாவி என் இடுப்பில் இருந்தது. அரிசி அரசாங்கத்து அரிசி, உத்தரவு இல்லாமல் தொடக்கூடாது. ஒரு மூட்டையை அவிழ்த்துவிட்டு, நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன். பின்னால் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். அது போகட்டும்.

முதல் நாள் கஞ்சி, உப்பு, கொஞ்சம் ஊறுகாய். பிள்ளைகள் குடித்தார்கள். பெரியவர்கள் கையில் வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள், ஆறி ஆடை படியும்வரை.

மூன்றாம் நாளிலிருந்து லாரி. எங்கெங்கிருந்தோ வந்தன. புளிசாதம், சாம்பார் சாதம், எலுமிச்சைச் சாதம், ரொட்டி, பழைய துணி. கொண்டுவந்தவர்கள் நல்லவர்கள், அதில் சந்தேகமே இல்லை, ராத்திரி பூரா வண்டி ஓட்டி வந்த பையன்கள். ஆனால் ஒருவர்கூட "எத்தனை பேரு?" என்று கேட்கவில்லை. சாலையோரத்து முகாமுக்கு ஒரே மதியத்தில் நாலு லாரி நிற்கும். உள்ளே தள்ளி இருக்கிற குப்பத்துக்கு ஒன்றும் போகாது. மிஞ்சிய பொட்டலம் சாயங்காலம் ஊசிப்போய் நாய்கூட மோந்து பார்த்துவிட்டு விலகும். பழைய துணி மழையில் நனைந்து சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்தது. நாகையில் அதைப் பார்க்காதவர்கள் கிடையாது.

பொட்டலச் சோறே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் உப்புச் சத்தியாகிரக ஊர்வலம் திருச்சியிலிருந்து புறப்பட்டு இந்தத் திருத்துறைப்பூண்டி வழியாகத்தான் வேதாரண்யம் போனது. தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் ஜெயில் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். நம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றைப் பொட்டலம் கட்டிச் சாலையோர மரக்கிளையில் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யாரென்று மரத்தைத்தானே கேட்க வேண்டும்! அந்தப் பொட்டலம் கட்டியவர்களுக்கு, எத்தனை பேர் வருகிறார்கள், எந்த நேரம் வருகிறார்கள் என்பது தெரிந்திருந்தது.

ஐந்தாம் நாள் நாங்கள் கோட்டை அடுப்பு போட்டு முகாமிலேயே சமைக்க ஆரம்பித்தோம். கோயில் அண்டா இரண்டு, பள்ளி அண்டா ஒன்று. நான் செய்தது எனக்குத் தெரிந்த சாம்பார், பள்ளிக்கூடத்துச் சாம்பார். அதுவரை ஒருவரிடமும் பேசாமல் தூணில் சாய்ந்தே இருந்த ஒரு மீனவப் பெண், ஒரு வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், இதுல புளியே இல்லயே. நோயாளிக்கு வச்சீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நீயே வந்து கரைச்சு ஊத்து" என்றேன். எழுந்து வந்துவிட்டாள். கூடவே இன்னும் நாலு பேர். ஒருத்தி அரிவாள்மனையைக் காலில் அழுத்திக்கொண்டு வெங்காயம் அரிந்தாள். வெங்காயத்துக்கு அழுவதுபோல எல்லாரும் அழுதார்கள். அன்றைக்குத்தான் அந்த வராந்தாவில் பேச்சுச் சத்தம் கேட்டது. உப்பு போதுமா, பத்தாதா என்று ஒரு சண்டைகூட வந்தது.

நிவாரணத்தில் வீட்டுக்கு வீடு அலுமினியப் பாத்திரம் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது மண்சட்டி. புளி ஊற்றிய மீன்குழம்பு அலுமினியத்தில் ருசி மாறிப்போகும், அடுத்த நாளுக்கு வைக்கவும் முடியாது. முதல் நாளைவிட மறுநாள் குழம்புதானே குழம்பு! பட்டியல் போட்டவர்களுக்கு அது தெரியவில்லை. பிறகு கட்டித்தந்த வீடுகளிலும் இதே கதை. பல வீட்டில் புகை போக வழியில்லை, கருவாடு காயப்போடக் கொல்லை இல்லை. பெண்கள் அடுப்பை வாசலுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நான் பொய் பேசியதாகும். முதல் நாள் கஞ்சியை யார் காய்ச்சியது, யார் ஊற்றியது என்று எவரும் கேட்கவில்லை. என் சமையல் உதவியாளர் காலனித் தெருப் பெண். ஒரு வாரம் கழித்துத்தான் சில பேர், "நாங்க தனியா சமைச்சிக்கிறோம்" என்று வந்தார்கள். வயிற்றில் சோறு இறங்கியதும் சாதி எழுந்து உட்கார்ந்துகொண்டது. நான் அடுப்பைப் பிரிக்கவில்லை. சில குடும்பம் கோபித்துக்கொண்டு அரிசியை வாங்கிப் போனார்கள். படகும் வலையும் இழந்தவர்களுக்கு நிவாரணம் வந்தது. வயல் கூலிக்குப் போய்ப் பிழைத்த ஜனங்களுக்கு, கூலி போனதை இழப்பென்று ஒத்துக்கொள்ள வைக்கவே பாடாய்ப் பட வேண்டியிருந்தது.

மீனுக்கு வருகிறேன். பொணம் தின்ற மீன் என்று ஒரு பேச்சு கிளம்பி, வாரக்கணக்கில் யாரும் மீன் வாங்கவில்லை. எங்கள் அம்மா காலத்தில் அறுவடை சமயத்தில் கூடைக்காரம்மா கருவாடு கொடுத்து நெல் வாங்கிப் போவாள், காசு கைமாறுவதே அபூர்வம். அந்தப் போக்குவரத்தே நின்றுபோனது. மாசி மாதம் இருக்கும். எங்கள் தெருவுக்கு ஓர் அம்மா கூடையோடு வந்தார். எதிர்வீட்டுக்காரர் திண்ணையில் இருந்தபடியே, "நீங்கள்லாம் இத சாப்புடுறீங்களா?" என்று கேட்டார். அந்த அம்மா கூடையை இறக்கி வைத்தார். "எம் புள்ளய கடலு கொண்டுபோச்சு. நேத்து ராத்திரி எங்க வூட்ல கொழம்பு. நானே திங்கிறேன், ஒங்களுக்கு என்ன?"

எதிர்வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார். நான் அரைக் கிலோ காரப்பொடி மீன் வாங்கினேன். அடுத்த வாரம் அவர் வீட்டிலும் மீன்வாடை அடித்தது.

கடல் வயலுக்குள்ளும் ஏறியிருந்தது. கதிர் வந்த சம்பா கருகிப்போனது. நாலைந்து வருஷத்துக்கு இந்த மண் எழாது என்றார்கள். வரப்பை உயர்த்தி மழைத்தண்ணீரைக் கட்டி வடிய விட்டார்கள், ஜிப்சம் போட்டார்கள், பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஐயா நாகைக் கடற்கரைக் கிராமங்களுக்கு வந்து விவசாயிகளோடு நின்றார். 2005-ல் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது, அதுவும் ஒரு புண்ணியம். உப்பு மண்ணைத் தாங்குகிற குழியடிச்சான் நெல்லை அப்போதுதான் பலர் மறுபடி தேடினார்கள். சிவப்பரிசி. ஊறவைக்காமல் உலையில் போட்டால் விறகுதான் தீரும். பழையதுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை.

பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்த உங்கள் ஊர் நெல் ஜெயராமனை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆதிரெங்கத்தில் இரண்டு கிலோ விதை கொடுப்பார், அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கிப் போனவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறவராக வந்து நிற்க வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு. முகாமில் புளி கரைத்த அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாலு கிலோ ஞாபகம் வரும். கஜா புயல் அடித்து இருபதாவது நாள், 2018 டிசம்பர் 6, ஜெயராமன் போய்விட்டார்.

கஜாவைப் பற்றி உங்களுக்கு என்ன சொல்ல? நவம்பர் 15 ராத்திரி எல்லாரும் கட்டிலுக்கடியில் கிடந்தவர்கள்தான். விடிந்து பார்த்தால் தென்னை நின்ற இடத்தில் வானம். 1952 புயல், 1977 புயல் பார்த்த கிழவர்களே வாயடைத்து நின்றார்கள். கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. குழாயில் தண்ணீர் இல்லை, ஜெனரேட்டரை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து மணிக்கு இவ்வளவு என்று வாங்கித்தான் டேங்க் நிரப்பினார்கள். மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் பொம்மை. அம்மி அரைக்கத் தெரிந்த எழுபது வயது ஆத்தாக்களுக்குத் திடீரென்று கிராக்கி. விறகுக்குப் பஞ்சமில்லை, எல்லாம் ஈரம், புகையில் கண் அவிந்தது. தேங்காய்க்கும் பஞ்சமில்லை. ரசத்தைத் தவிர எல்லாவற்றிலும் தேங்காய் போட்டோம். மரத்துக்குச் சொந்தக்காரர்களே உட்கார்ந்து துருவிக் கொடுத்தார்கள். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி அதே பள்ளி, அதே வராந்தா. இந்த முறை உள்பக்கத்துக் கூலி ஜனங்கள்தான் அதிகம், கூரை பறந்தவர்கள். இரண்டாம் நாள் காலை நான் ஸ்டோர் ரூம் வாசலில் நோட்டோடு நிற்கிறேன். கீழே விழுந்து கிடந்த வேப்பமரத்தைத் தாண்டி, தலையில் இரண்டு பெரிய மண்சட்டிகளோடு ஒருத்தி வருகிறாள். முடி நரைத்திருந்தது. அவள் ஊரிலும் ஓடு பறந்திருந்தது, படகு சாய்ந்திருந்தது. சட்டியை இறக்கி வைத்துவிட்டு, நலம் விசாரிக்கக்கூட இல்லை.

"எத்தன பேரு டீச்சர்?"

நானூற்றுப் பத்து என்றேன்.

"அப்ப அம்பது கிலோ போடுங்க. புளிய நான் பாத்துக்கிறேன்."