வளைவது வேறு, மீள்வது வேறு

மேடையை அலங்கரிக்கும் சமூக மன்றத் தலைவர் அவர்களே, அடித்தளத் தலைவர்களே, தமிழ் மொழி விழாவுக்காக ஞாயிற்றுக்கிழமையையும் விட்டுக்கொடுத்த தமிழாசிரியப் பெருமக்களே, காலையிலேயே வந்து நாற்காலி அடுக்கிய தொண்டூழியத் தம்பி தங்கைகளே, டியூஷனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் தேநீர் வேளையில் தேடிவந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

திண்மப் பொருள்களின் மீட்சித்தன்மை பற்றி மூன்று செய்திகள்: தகைவும் திரிபும், மீட்சி எல்லை, பாய்சான் விகிதம், அதாவது இழுத்தால் நீளும் பொருள் குறுக்கே எவ்வளவு மெலியும் என்ற கணக்கு.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்கிறோம். வளையுமா என்றுதான் பழமொழி கேட்கிறது; திரும்பி நிமிருமா என்று கேட்கவில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கழியில் ஈர ஜீன்ஸ் இரண்டைப் போடுங்கள். நுனி தாழும். எடுத்தால் நிமிரும். அந்த நிமிர்வுதான் மீட்சி.

விசையைக் குறுக்குப் பரப்பால் வகுத்தால் தகைவு. கூடிய நீளத்தை முதல் நீளத்தால் வகுத்தால் திரிபு. இதற்கு அலகே இல்லை. பால் திரிந்தது என்கிறோமே, அதே திரிபுதான், உரு மாறுவது. பாட்டிக்குத் தெரிந்த சொல் பேரனுக்குப் புதிதாக இருக்கிறது! தகைவைத் திரிபால் வகுத்தால் யங் குணகம், பொருள் நீட்சியை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு. எஃகுக்கு அது சுமார் 200 கிகாபாஸ்கல். பாஸ்கல் என்பது தகைவின் அலகு; கிகா என்றால் நூறு கோடி, மெகா என்றால் பத்து லட்சம். அரை மில்லிமீட்டர் விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள எஃகுக் கம்பியில் 2 கிலோ தொங்கவிட்டால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் நீளும். எஃகா, ரப்பரா, எதற்கு மீட்சித்தன்மை அதிகம்? கை தூக்குங்கள். ரப்பரின் குணகம் எஃகின் குணகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. இயற்பியல் கணக்கில் எஃகுக்குத்தான் மீட்சித்தன்மை அதிகம். ரப்பர் என்று கை தூக்கியவர்கள் இறக்கிக்கொள்ளலாம்.

விசை கூடும் அளவுக்கே நீட்சியும் கூடும் என்று கண்டு சொன்னவர் ஆங்கில அறிவியலாளர் இராபர்ட் ஹூக். கண்டார், ஆனால் சொல்லவில்லை! அடுத்தவர் தட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம். காப்புரிமை அலுவலகத்துக்கா ஓட முடியும்? லத்தீனில் ஒரு வாக்கியம் எழுதினார். அதிலிருந்த 14 எழுத்துகளையும் பிரித்து, அகரவரிசையில் அடுக்கி, 1676-இல் அச்சிட்டுவிட்டார். 'ஐ' மூன்று, 'எஸ்' மூன்று... படித்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். வேறு யாராவது கண்டுபிடித்தால், 'அது அப்போதே என் புதிருக்குள் இருக்கிறது' என்று எடுத்துக் காட்டலாம் அல்லவா! 1678-இல் அவரே முடிச்சை அவிழ்த்தார்: 'உட் டென்ஸியோ, சிக் விஸ்'. நீட்சி எப்படியோ, விசையும் அப்படியே. நம் வீட்டு 'டென்ஷனு'க்கும் வேர் அதுதான், இழுத்துப் பிடிப்பது. தேர்வு மாதத்தில் யார் யாரை இழுக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது எல்லை. சாதாரண மென் எஃகு சுமார் 250 மெகாபாஸ்கல் தகைவு வரை மீளும். 1 மீட்டர் கம்பி ஒன்றேகால் மில்லிமீட்டர் நீள்வதற்குள் அது வந்துவிடும். தாண்டினால் நிரந்தர நீட்சி. காகிதக் கிளிப்பை மெல்ல விரித்தால் மீளும். முழுக்க விரித்தால் மீளாது. இங்கேதான் என் ஆதங்கம். இதையெல்லாம் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யும் பிள்ளையிடம் வீட்டில் தமிழில் 'கிளிப் ஏன் பழைய வடிவுக்குத் திரும்பவில்லை?' என்று கேட்கிறோமா? சோற்றுக்கும் துணிக்கும் மட்டும் தமிழ் என்றாகிவிட்டால், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

வாரத்துக்கு ஒரு சோதனை, தமிழிலேயே பேசிச் செய்யுங்கள். அகலமான ரப்பர் பேண்டில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மைப் புள்ளி வையுங்கள். அதைக் கொக்கியில் மாட்டி, அடியில் பிளாஸ்டிக் பை கட்டி, நூறு நூறு மில்லிலிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள், 500 போதும். ஒவ்வொரு முறையும் புள்ளிகளுக்கு இடையிலான நீளத்தைக் குறியுங்கள். முடிச்சையும் சேர்த்து அளந்தால், முடிச்சு இறுகுவதுகூட நீட்சிக் கணக்கில் ஏறிவிடும். கண் அளவுகோலுக்கு நேர்மட்டத்தில் இருக்கட்டும். பிறகு அதே நூறு நூறாகத் தண்ணீரை எடுங்கள். அதே சுமைக்கு இப்போது நீளம் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஊற்றியபோதும் எடுத்தபோதும் வந்த நீளங்களுக்கு இடையிலான அந்த வித்தியாசம், வெப்பமாகப் போன சக்தியைக் காட்டுகிறது.

மணி அடித்துவிட்டார்கள். பாய்சான் விகிதம் நின்றுபோயிற்று. தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். அடுத்த சனிக்கிழமை புளோக் கீழ்த்தளத்தில் பயிலரங்கு, பெயர்ப் பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது. மில்லிமீட்டர் கோடு அழியாத அளவுகோலாகக் கொண்டுவாருங்கள்.