பகடையின் அடிப்பக்கம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு பகடைகளை உருட்டுகிறோம். மேலே இரண்டும் மூன்றும் விழுகின்றன, கூட்டினால் 5. இப்போது அவற்றை அப்படியே தலைகீழாகப் புரட்டுங்கள். இரண்டுக்கு அடியில் ஐந்து, மூன்றுக்கு அடியில் நான்கு, கூட்டினால் 9. வழக்கமான பகடையில் எதிரெதிர்ப் பக்கங்கள் சேர்ந்தால் 7 வரும்படிதான் புள்ளி வைத்திருப்பார்கள். ஆகவே மேலே 5 விழும்போதெல்லாம் அடியில் 9 கிடக்கிறது. மேலே 3 என்றால் அடியில் 11. இரண்டும் சேர்ந்து 14.

நாம் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்று பகடைக்குத் தெரியாது அல்லவா? அப்படியானால் 5-க்கும் 9-க்கும் ஒரே வாய்ப்பு இருந்தே தீர வேண்டும். எண்ணிப் பார்த்தாலும் இரண்டுக்கும் 36-இல் 4தான். 7 மட்டும் தனக்குத்தானே நிழல். அதற்கு 36-இல் 6.

எந்த மதிப்புக்கு எவ்வளவு வாய்ப்பு என்று காட்டுவதைப் பரவல் என்கிறோம். சமச்சீர்ப் பரவல் என்பது இதுதான். நடுவிலிருந்து இடப்பக்கம் ஒரு தூரம் போனால் என்ன வாய்ப்போ, வலப்பக்கம் அதே தூரத்திலும் அதே வாய்ப்பு.

இதில் மணி வடிவம் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஆனால் சமச்சீர் என்றதும் நம் கை தானாக மணியைத்தான் வரைகிறது. அந்த மணி வடிவத்துக்குச் சொந்தக்காரரான இயல்நிலைப் பரவலின் புகழ் அப்படி. 1733-இல் கணித அறிஞர் டி மாய்வர் நாணயச் சுண்டல் கணக்கில் அதைத் தொட்டார். 1809-இல் இன்னொரு கணித அறிஞர் காஸ் வானியல் அளவீட்டுப் பிழைகளுக்கு அதைக் கொண்டுவந்தார். ஒற்றைப் பகடையின் பரவலோ வெறும் தட்டை, 3.5-ஐச் சுற்றி அதுவும் சமச்சீர்தான். ஒட்டக முதுகுபோல இரண்டு முகடு இருந்தாலும் சமச்சீர் ஆகலாம். அங்கே நடுப்பகுதியில் கூட்டமே குறைவு!

சராசரியும், வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணான இடைநிலை அளவும் ஒன்றாக இருந்தால் சமச்சீர் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். 2, 3, 5, 6, 9 என்ற எண்களை எடுங்கள். சராசரி 5, இடைநிலையும் 5. ஆனால் 5-க்குக் கீழே 3, 2 என்ற தூரங்களில் எண்கள் நிற்கின்றன. மேலே 1, 4 என்ற தூரங்களில். கண்ணாடி பொருந்தவில்லை.

இன்னும் வேடிக்கையான ஒன்று உண்டு. முடிவே இல்லாத நீண்ட சுவர். அதற்கு எதிரே சற்றுத் தள்ளி ஒரு விளக்கு. அது ஏதோ ஒரு திசையில் சுவரை நோக்கி ஒரு கதிரை வீசுகிறது. எல்லாத் திசைக்கும் சம வாய்ப்பு. சுவரில் ஒளி விழும் இடங்களின் பரவலுக்குக் கோஷி பரவல் என்று பெயர். அப்பழுக்கற்ற சமச்சீர். ஆனால் அதற்குச் சராசரியே கிடையாது! சுவருக்கு ஏறக்குறைய இணையாகப் போகும் கதிர்கள் எங்கோ வெகுதொலைவில் போய் விழுகின்றன. அப்படிப்பட்ட ஒன்றே மொத்தக் கூட்டலையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆயிரம் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தாலும் அது ஒற்றைப் புள்ளி எவ்வளவு அலையுமோ அவ்வளவே அலையும். விளக்குக்கு நேர் எதிரான இடம் எது என்று தெரிய வேண்டுமா? புள்ளிகளை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதைப் பாருங்கள். இடைநிலை அளவு அங்கே சுணங்காமல் வேலை செய்கிறது.