ஒரே பந்தியில் இரண்டு ராஜாக்கள்: தானியேல் 11

(திரையில்: எகிப்து, யூதேயா, சிரியா வரைபடம்)

வணக்கம். பைபிளில் தானியேல் புத்தகத்தின் 11-ஆம் அதிகாரத்தைப் படிக்க உட்கார்ந்த பலர் பாதியிலேயே மூடிவைத்துவிடுவார்கள். வடதிசை ராஜா வருகிறான், தென்றிசை ராஜா போகிறான், யாருக்கும் பெயர் கிடையாது. ‘அவன்’ என்றால் எவன் என்றே பிடிபடாது. பெயர்களை நிரப்பிக்கொண்டு படித்துப் பாருங்கள், அதிகாரமே வேறாகத் தெரியும்.

கி.மு. 323-ல் மகா அலெக்சாண்டர் பாபிலோனில் இறந்ததும் தளபதிகள் ராஜ்யத்தைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். எகிப்து தாலமி வம்சத்துக்குப் போனது. சிரியாவும் கிழக்குப் பகுதியும் செலூக்கஸ் வம்சத்துக்கு. எருசலேமில் நின்று பார்த்தால் ஒன்று தெற்கு, இன்னொன்று வடக்கு. இரண்டு படைகளும் போய்வருகிற வழியில் மாட்டிக்கொண்டது யூதேயா.

இப்போது 6-ஆம் வசனம். தென்றிசை ராஜாவின் மகள் சமாதானத்துக்காக வடதிசை ராஜாவிடம் வருவாள், ஆனால் நிலைக்கமாட்டாள் என்கிறது. அவள் பெரெனிசே, இரண்டாம் தாலமியின் மகள். கி.மு. 252 வாக்கில் இரண்டாம் அந்தியோகஸுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அதற்காக அவன் முதல் மனைவி லவோதிகேயைத் தள்ளிவைத்தான். பெரெனிசேக்கு ஒரு மகனும் பிறந்தான். கி.மு. 246-ல் அவளுடைய தகப்பன் இறந்தான். அதே ஆண்டில் கணவனும் இறந்தான், அதுவும் பழைய மனைவியிடம் திரும்பிப் போன பிறகு. லவோதிகேதான் விஷம் வைத்தாள் என்று பழைய ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்புறம் பெரெனிசேயையும் கைக்குழந்தையையும் கொன்றுபோட்டார்கள். தம்பியோ அண்ணனோ வந்து காப்பாற்றுவான் என்று காத்திருந்தவள் அவள். உடன்பிறந்தவனான மூன்றாம் தாலமி படையோடு வந்து சேர்ந்தபோது அவள் உயிரோடு இல்லை. 7, 8-ஆம் வசனங்கள் அவனுடைய பழிவாங்கலைத்தான் சொல்கின்றன.

(திரையில்: கி.மு. 217 ரப்பியா போர், கி.மு. 200 பானியம் போர்)

10 முதல் 19 வரை போர்கள்தான். முடிவு மட்டும் போதும்: கி.மு. 200 வாக்கில் யூதேயா தெற்கின் கையிலிருந்து வடக்கின் கைக்கு மாறியது.

21-ஆம் வசனத்தில் இச்சகம் பேசி ராஜ்யத்தைப் பிடிக்கிறவன் வருகிறான். கி.மு. 175-ல் பட்டத்துக்கு வந்த நான்காம் அந்தியோகஸ் எபிபானெஸ். எகிப்தில் அப்போது ராஜா ஆறாம் தாலமி, இளவயதுக்காரன். அவனுடைய தாய் அந்தியோகஸின் கூடப்பிறந்தவள். ஆக, சண்டை தாய்மாமனுக்கும் மருமகனுக்கும்! கி.மு. 169-ல் மருமகன் மாமன் கையில் சிக்கினான். அலெக்சாந்திரியாவில் மக்கள் அவன் தம்பியை ராஜாவாக்கினார்கள். உன் சிம்மாசனத்தை மீட்டுத்தரத்தான் வந்தேன் என்றான் மாமன். மருமகனும் நம்பியதுபோல இருந்தான். மாமன் ஊர் திரும்பியதும் மருமகன் தம்பியோடு சமாதானமாகிவிட்டான். ஒரே பந்தியில் உட்கார்ந்து பொய் பேசுவார்கள் என்று 27-ஆம் வசனம் சொல்வதை இதைவிடப் பொருத்தமாக விளக்க முடியாது என்பது என் எண்ணம்.

168-ல் அந்தியோகஸ் மறுபடி படையெடுத்தான். எகிப்தை விட்டுப் போ என்ற உத்தரவோடு கப்பலில் வந்த ரோமத் தூதன் பொப்பிலியஸ் கோலால் அவனைச் சுற்றி மண்ணில் வட்டம் கீறி, பதில் சொல்லாமல் இதைத் தாண்டக்கூடாது என்றான். 30-ஆம் வசனம் கித்தீமின் கப்பல்கள் என்பது இந்த ரோமக் கப்பல்களைத்தான். அவமானப்பட்டுத் திரும்பியவன் எருசலேம்மேல் பாய்ந்தான். 167-ல் ஆலயம் தீட்டுப்பட்டது.

சரி, 40 முதல் 45? பரிசுத்த பர்வதத்துக்கு அருகே கூடாரம் போட்டு முடிவடைவான் என்கிறது. அந்தியோகஸ் இறந்ததோ 164-ல், பாரசீகப் பகுதியில். அதுவரை நடந்ததோடு ஒத்துப்போன அதிகாரம் இங்கே ஒத்துப்போகவில்லை. தானியேல் புத்தகம் அவன் சாவுக்குச் சற்று முன்பு எழுதப்பட்டது என்று அறிஞர்களில் பெரும்பாலோர் சொல்வதற்கு இது முக்கியமான காரணம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே, கிறிஸ்தவத்தை எதிர்த்த தத்துவஞானி போர்ஃபிரி இப்படி வாதாடினார். பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அதை மறுத்து, கடைசிப் பகுதி அந்திக்கிறிஸ்துவைப் பற்றியது என்றார். இன்றும் பல சபைகள் அப்படித்தான் போதிக்கின்றன. எந்தப் பக்கம் நின்றாலும், முதல் 35 வசனங்களைத் தெரிந்துகொள்ளாமல் 40-ஆம் வசனத்தில் இன்றைய நாடுகளின் பெயரை ஒட்டுவது நியாயமே இல்லை.

கத்தோலிக்க விவிலியத்தில் மக்கபேயர் முதல் நூல் இருக்கிறது. இதே அந்தியோகஸின் கதை அதில் வருகிறது. அதன் முதல் அதிகாரத்தையும் தானியேல் 11-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.