குளிரில் படகுப் பற்றறி

நேயர்களுக்கு வணக்கம். தாங்ஸ்கிவிங் விடுமுறை முடிந்ததும் ஒன்ராறியோவில் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஓட்டம்தான். சிம்கோ ஏரியிலும் கவோர்தா ஏரிகளிலும் படகுகளைக் கரையேற்றி, எஞ்சினில் நிற்கும் தண்ணீரை வடித்து, உறை போட்டு மூடுவார்கள். அந்த அவசரத்தில் பற்றறியை யாரும் நினைப்பதில்லை. வசந்தத்தில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். உடனே பழி குளிர்மேல் விழும்.

குளிர் பாவம். நம்மில் அநேகரிடம் இருப்பது ஈயமும் அமிலமும் கொண்ட பற்றறி. முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தால் அதன் அமிலம் செறிவாக இருக்கும். உறைவதற்கு மைனஸ் 50 பாகைக்கும் கீழே போகவேண்டும். நம்முடைய ஏரிப் பக்கம் அப்படிக் குளிர்வதில்லை. சார்ஜ் இறங்க இறங்க அமிலம் தகடுகளில் பிடித்துக்கொள்ள, மிஞ்சுவது கிட்டத்தட்டத் தண்ணீர்தான். அடியோடு இறங்கிய பற்றறி மைனஸ் 10 பாகையளவிலேயே உறைந்துவிடும். ஜனவரியில் அது இங்கே சாதாரண இரவு. பக்கங்கள் வீங்கியிருந்தால் சார்ஜரில் போட்டுப் பார்க்கவே வேண்டாம், வெடிக்கக்கூடும்.

உறையாமல் தப்பினாலும், இறங்கியபடி மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேற் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் பழைய பலம் திரும்பாது.

ஆகவே கரையேற்றியவுடன் முழுச் சார்ஜ் போடுங்கள். மூடி திறக்கிற பற்றறி என்றால், சார்ஜ் ஏறிய பிறகு காய்ச்சி வடித்த நீர் விட்டு மட்டத்தைச் சரிசெய்யுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது. ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் மீற்றர் வைத்துப் பாருங்கள். சார்ஜரில் இருந்து எடுத்த கையோடு பார்த்தால் பொய்க்கணக்குத்தான் காட்டும். 12.6 வோல்ற் அல்லது சற்று மேலே இருந்தால் நிறைவு. 12.2 என்றால் பாதிதான்.

அப்புறம் வயரைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டேன், போதாதா என்று கேட்பார்கள். போதாது. படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பை, சுவிட்சைத் தாண்டி நேரே பற்றறியில்தான் பூட்டியிருப்பார்கள். பாட்டுப் பெட்டியின் மணிக்கூடும் சொட்டுச் சொட்டாக உறிஞ்சும். கழற்றும்போது கறுப்பு வயர் முதலில், பூட்டும்போது அதுவே கடைசியில். சிவப்பை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் எஞ்சினில் முட்டினால் பொறி பறக்கும்.

சரி, எங்கே வைப்பது? முழுச் சார்ஜோடு வயர் கழற்றிய பற்றறி படகிலேயே இருக்கலாம். குளிரில் சார்ஜ் தானாக இறங்குவது குறைவு. 10 பாகை குறைந்தால் இறங்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஆனாலும் என்னைக் கேட்டால் கராஜ்தான் நல்லது. 25 கிலோ அளவு பாரம், முதுகைப் பார்த்துத் தூக்குங்கள். வீட்டில் இருந்தால்தான் மாதம் ஒருமுறை மீற்றர் வைக்க மனம் வரும்; பனியில் படகுவரை யார் நடப்பது? 12.4க்கு இறங்கினால் மறுபடி சார்ஜ் போடுங்கள், ஆனால் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் பக்கத்தில் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வரும்.

சீமெந்துத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்பது பழைய கதை. இப்போதைய பிளாஸ்ரிக் பெட்டிகளுக்குத் தரை ஒன்றும் செய்யாது. வின்ரர் முழுக்கச் சார்ஜரில் விடுவதென்றால், தானாகக் குறைத்துக்கொள்ளும் நல்ல சார்ஜராக வாங்குங்கள். பழைய மலிவுச் சார்ஜர் தண்ணீரைக் காயவைத்துவிடும்.

லித்தியம் வாங்கியவர்களுக்கு இதெல்லாம் தலைகீழ். அதைப் பாதியளவு சார்ஜில், சார்ஜர் பூட்டாமல் வைக்கவேண்டும். பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். சிலவற்றில் இதைத் தடுக்கும் பாதுகாப்பு இருக்கும், சிலவற்றில் இராது. படகில் சோலார் பலகை பூட்டியிருந்தால் அந்த வயரையும் கழற்றிவிடுங்கள். வெயிலடிக்கும் பெப்ரவரி நாளொன்றில் அது உங்களைக் கேட்காமலே சார்ஜ் ஏற்றத் தொடங்கிவிடும்.